முல்லைக்கு ஒரு திருப்பலி

2020 டிசம்பர் 13. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று நாம் சொல்லும் நாள். ஐயப்பன்தாங்கலில் எங்கள் பங்கு ஆலயத்தின் பக்கத்து அறையில் அமர்ந்து, அந்த வாரத்துத் திருப்பலிக் கருத்துகளை எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனா காலம். முகக்கவசத்தோடும் இடைவெளியோடும் மக்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர், நான்காக மடித்த துண்டுச் சீட்டை நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். இறந்துபோன முல்லையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதியிருந்தது. அதன் கீழே இன்னொரு பெயரை எழுதி, பிறகு அழுத்தமாக அடித்திருந்தார்கள்.

"முல்லை உங்களுக்கு யாரும்மா? சொந்தமா?" என்று கேட்டேன்.

"டி.வி.யில வர்ற முல்லை தம்பி. பாண்டியன் ஸ்டோர்ஸ் முல்லை. நாலு நாளா சோறு இறங்கல" என்றார்.

வரிசையில் நின்ற இளைஞர் இருவர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முகக்கவசம் இருந்ததால் தெரியவில்லை. "சீரியல்ல நடிச்சவங்களுக்கெல்லாம் பூசை வைக்க முடியாதும்மா" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "சரி தம்பி" என்று வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் செய்தது தவறு. ஒன்றல்ல, மூன்று தவறுகள். பாட்டியின் துயரம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். திருச்சபை சொல்லாத ஒரு தடையைத் திருச்சபையின் பெயரால் சொன்னேன். அடிக்கப்பட்டிருந்த அந்த இரண்டாவது பெயர் யாருடையது என்று கேட்காமல் விட்டேன். இம்மூன்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் அந்த முல்லை?

வி.ஜே. சித்ரா 1992-இல் பிறந்தவர். சென்னைப் பெண். மக்கள் தொலைக்காட்சியில் தொகுப்பாளராகத் தொடங்கிச் சின்னத்திரையில் படிப்படியாக முன்னேறியவர். 2018 அக்டோபரில் விஜய் தொலைக்காட்சியில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடர் ஆரம்பமானது. மளிகைக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகளின் கூட்டுக்குடும்பக் கதை அது. அதில் கதிரின் மனைவி முல்லையாக அவர் நடித்தார். விருப்பமில்லாமல் நடந்த திருமணம் மெல்ல மெல்ல அன்பாக மாறிய அந்தக் கதையை, வீட்டில் நடப்பதைப்போலவே நம் தாய்மார்கள் பார்த்தார்கள்.

2020 டிசம்பர் 9 அதிகாலை, படப்பிடிப்பு முடிந்து திரும்பித் தங்கியிருந்த விடுதியில் அவர் இறந்துகிடந்தார். வயது 28. படப்பிடிப்பு நடந்த ஈ.வி.பி. பிலிம் சிட்டி செம்பரம்பாக்கத்தில் இருக்கிறது. விடுதி இருந்தது நசரத்பேட்டையில். இரண்டுமே நம் பூந்தமல்லிப் பக்கத்து ஊர்கள். ஐயப்பன்தாங்கலிலிருந்து காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி என்று நாம் அன்றாடம் போய்வரும் அதே சாலையின் தொடர்ச்சியில் உள்ளவை. செய்தி கேட்டதும் நம் வீடுகளில், 'நம்ம பக்கத்துலயா?' என்றுதான் முதலில் கேட்டார்கள். திரையில் பார்த்த பெண், நம் தெருமுனையில் இறந்ததுபோல இருந்தது.

பழகாதவருக்காக வரும் கண்ணீர்

'நேரில் பார்க்காத ஒருவருக்காக அழுவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. அறிஞர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். 1956-இல், தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த புதிதில், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவர் தினமும் குறித்த நேரத்தில் நம் வீட்டுக்கு வருகிறார். நம்மைப் பார்த்தே பேசுவதுபோல இருக்கிறார். அதனால் அவரோடு ஒரு நட்பு உருவாகிறது. அந்த நட்பு ஒருபக்கமானது. அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் நம் பக்கத்தில் அது உண்மையான பழக்கமாகவே வளர்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மகன் பெங்களூரில், மகள் துபாயில். பேரப்பிள்ளைகள் செல்பேசியில் வாரம் ஒருமுறை தெரிவார்கள். ஆனால் முல்லை திங்கள் முதல் வெள்ளி வரை தவறாமல் வந்தாள். ஊரடங்கு மாதங்களில், படப்பிடிப்பு நின்று தொடர் தடைப்பட்டபோது, 'இந்தப் பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்களா?' என்று கவலைப்பட்ட முதியவர்கள் எத்தனையோ பேர். அப்படி வந்துகொண்டிருந்தவள் ஒருநாள் வராமல் போனால் வலிக்கத்தான் செய்யும்.

இந்த வலிக்கு இன்னொரு சுமையும் உண்டு. சொந்தக்காரர் இறந்தால் துக்கம் விசாரிக்க வருவார்கள்; பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும்; பதினாறாம் நாள் வரை துணை இருக்கும். நடிகை இறந்ததற்காக அழுபவரிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. கேலிதான் மிஞ்சும். ஊர் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் தனியாகவே எடுத்து எழுதினார். அழ உரிமையில்லை என்று சொல்லப்பட்டவரின் துக்கம் ஆறாமல் உள்ளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

நற்செய்தியைப் பாருங்கள். நயின் ஊர் வாயிலில் ஓர் இளைஞனின் உடலைத் தூக்கி வருகிறார்கள் (லூக்கா 7). அவன் தாய் கைம்பெண். இயேசுவுக்கு அந்தக் குடும்பத்தோடு முன்பின் பழக்கம் இருந்ததாக லூக்கா எங்கும் சொல்லவில்லை. வழியில் எதிர்ப்பட்ட ஒரு சவ ஊர்வலம், அவ்வளவுதான். ஆனாலும் அவர் மனம் உருகினார், நின்றார், பாடையைத் தொட்டார். பழகாதவரின் சாவுக்கு மனம் உருகுவது குறையென்றால், அந்தக் குறை ஆண்டவரிடமும் இருந்தது.

'இவருக்குப் பதில் இவர்'

தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே நடிகர் இறப்பதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. மனிதர் இறந்துவிடுகிறார், பாத்திரம் சாவதில்லை. 'முல்லை'யாகக் காவ்யா அறிவுமணி வந்தார். அவருக்குப் பின் லாவண்யா வந்தார். கதை 2023 வரை ஓடியது. தொழிலாளர்கள் நூறு பேர் பிழைக்கும் இடத்தில் தொடரை நிறுத்திவிட முடியாது என்பது நியாயமே. ஆனால் வயதான பார்வையாளருக்கு, காரியம் முடிவதற்குள் இன்னொருவர் அதே தாலியோடு, அதே சமையலறையில் நிற்பதைப் பார்ப்பது எளிதல்ல.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதியும் இப்படித்தான். சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' தொடருக்குச் சென்னையில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நடிகரும் இயக்குநருமான மாரிமுத்துவுக்கு உடல்நிலை மோசமானது. மருத்துவமனைக்குப் போனார், மாரடைப்பால் உயிர் பிரிந்தது. வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆதி குணசேகரனாக அவர் நடித்தார். 'இந்தாம்மா ஏய்' என்ற அவரது அதட்டலைத் தினமும் திட்டித் தீர்த்த பெண்களே அன்று கண்ணீர் விட்டார்கள். வெறுப்பது போலத் தோன்றினாலும் அதுவும் ஒரு பழக்கமே. சில வாரங்களில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். கதை தொடர்ந்தது.

உலகின் மறுகோடியில் வேறொரு வழியைத் தேர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்கக் குழந்தைகளுக்கான 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ, 1982 டிசம்பர் 7 அன்று இறந்தார். அவரும் பாண்டியன் ஸ்டோர்ஸ்போல ஒரு தெருக்கடையை நடத்துபவராகத்தான் நடித்தார். வேறு நடிகரைப் போடலாமா, ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாமா என்று யோசித்தார்கள். குழந்தைகளிடம் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பான பகுதியில், குழந்தை மனம் கொண்ட பெரிய மஞ்சள் பறவை, தான் வரைந்த படத்தை ஹூப்பரிடம் கொடுக்கத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் கண்கலங்கச் சொல்கிறார்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று அது கேட்கும்போது, அவர்களிடம் காரணம் இல்லை. இல்லாத காரணத்தை அவர்கள் கற்பிக்கவும் இல்லை.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வீட்டில் குழந்தையோ முதியவரோ இப்படி வருந்தினால், 'அதான் புதுசா ஒருத்தி வந்துட்டாளே' என்று பேச்சை மாற்ற வேண்டாம். 'ஆமாம், அந்தப் பெண் இறந்துவிட்டது. எனக்கும் வருத்தம்தான்' என்று பக்கத்தில் அமர்ந்தால் போதும்.

யோபுவின் நண்பர்களும் நம் செல்பேசியும்

சித்ரா இறந்த நாள் முதல் யூடியூபில் நடந்ததை நாம் அறிவோம். தற்கொலை என்று காவல்துறை கூறியது. அதற்குள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு 'திடுக்கிடும் உண்மை' வந்தது. அவர் குணத்தைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, கடைசி இரவைப் பற்றி யார் யாரோ பேசினார்கள். நாமும் பார்த்தோம். அன்பியக் குழுவில் பகிர்ந்துகொண்டவர்களும் உண்டு. தற்கொலைக்குத் தூண்டியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2024 ஆகஸ்டில் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. நாம் நான்கே நாளில் தீர்ப்பு எழுதி முடித்திருந்தோம்.

யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள், அவர் துயரத்தைக் கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவரோடு அமர்ந்திருந்தார்கள் (யோபு 2). அவர்கள் செய்ததில் சிறந்த செயல் அதுதான். எட்டாம் நாள் வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். அன்று முதல்தான் தவறு ஆரம்பமானது. போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றத்தை உண்மையென ஏற்பதும் பாவமே என்று திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2477) சொல்வது, இறந்தவரின் பெயருக்கும் பொருந்தும். அவரோடு வாழ்ந்தவர்களின் பெயருக்கும் பொருந்தும்.

திருச்சபை உண்மையில் என்ன சொல்கிறது?

இனி என் இரண்டாவது தவறு. அன்று மாலை பங்குத்தந்தையிடம் இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் எண் 901 அதைத்தான் சொல்கிறது. நீங்கள் எந்தச் சட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இறந்தவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பீடத்திலிருந்து பெயரை வாசிப்பது போன்றவற்றைப் பங்குத்தந்தை இடமறிந்து முடிவு செய்வார். ஆனால் மன்றாடுவதற்குத் தடையில்லை. போரில் இறந்த தம் வீரர்களின் ஆடைக்குள் சிலைவழிபாட்டுச் சின்னங்கள் இருந்ததைக் கண்ட பிறகும், யூதா மக்கபே அவர்களைக் கைவிடவில்லை. இரண்டாயிரம் வெள்ளிக்காசு திரட்டி, அவர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக்கபேயர் 12). இறந்தோருக்கான நம் மன்றாட்டுக்கு வேராக இருக்கும் பகுதியே குறையுள்ளவர்களுக்காக வேண்டிய கதைதான்.

தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்துமா என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெளிந்த மனத்தோடு திட்டமிட்டுத் தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மனம் கலங்கிய நிலையில் நடந்ததா என்ற வேறுபாடு நடைமுறையில் பல நேரம் பார்க்கப்படாமலே போனது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை இல்லை.

1992-இல் வெளியான மறைக்கல்வி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உயிர் கடவுளின் கொடை, அதை அழிக்க நமக்கு உரிமையில்லை என்ற போதனை மாறவில்லை. ஆனால் கடும் மனநோயும், வேதனையும், அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று அது ஏற்றுக்கொள்கிறது (2282). இவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது. கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் மனமாற்றத்துக்கு வாய்ப்பளிக்க முடியும். திருச்சபை இவர்களுக்காக மன்றாடுகிறது என்கிறது (2283). நாட்டுச் சட்டமும் பிறகு இதே திசையில் நகர்ந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று கூறுகிறது.

அடிக்கப்பட்ட பெயர்

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மறுநாள் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். "பரவால்ல தம்பி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சீட்டைக் கேட்டேன். அலமாரியில் மாதா படத்தின் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். அடித்திருந்த பெயரைக் காட்டி, "இது யாரும்மா?" என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய தங்கை. தெற்கே ஒரு கிராமம். 1965. பத்தொன்பது வயது. நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன சில நாட்களில் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே, முள்வேலி ஓரமாகப் புதைத்தார்கள். வீட்டில் அதன்பிறகு அவள் பெயரையே யாரும் எடுக்கவில்லை. அம்மா சாகும்வரை எடுக்கவில்லை.

"அம்பத்தஞ்சு வருஷமா நான் அவளுக்காக ஒரு பூசை வைச்சதில்ல தம்பி. கேட்டா மறுத்துருவாங்கன்னு பயம். டி.வி.யில முல்லை செத்துட்டான்னதும் ஊரே அழுதுச்சு. அப்ப அழலாம் போலிருக்கேன்னு நெனச்சேன். ரெண்டு பேரையும் எழுதினேன். தங்கச்சி பேரை எழுதினதும் கை நடுங்கிருச்சு. அடிச்சுட்டேன். முல்லைக்காவது வைப்போம்னு வந்தேன்."

நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. ஓர் அந்நியப் பெண்ணுக்காக அழ அவருக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கண்ணீரில்தான் தன் சொந்தத் துக்கத்தையும் சேர்த்து அழுதார். அதையும் நான் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலைத் திருப்பலி இரண்டு பேருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்பட்டது. பங்குத்தந்தை 'சித்ரா' என்றும், அடுத்துத் தங்கையின் பெயரையும் நிதானமாக வாசித்தார். முல்லையின் உண்மையான பெயர் சித்ரா என்று பாட்டிக்கு அன்றுதான் மனத்தில் பதிந்தது. தங்கையின் பெயர் ஆலயத்தில் ஒலித்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டார். மற்றவர்கள் முழந்தாளில் இருந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

அன்பார்ந்தவர்களே, புகழ்பெற்ற ஒருவர் இறக்கும்போது நம் வீடுகளிலும் அன்பியங்களிலும் பழைய காயங்கள் திறக்கின்றன. அப்போது நாம் நினைவில் கொள்ளத்தக்கவை சில.

1. அழுபவரைக் கேலி செய்யாதீர்கள். 'யாரை நினைச்சு அழறீங்க?' என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வேறொரு பெயராக இருக்கலாம்.

2. இறந்தவரைப் பற்றிய வதந்தியைப் பார்க்காதீர்கள், பகிராதீர்கள். எப்படி இறந்தார் என்ற விவரங்களைத் திரும்பத் திரும்பப் பேசுவது, ஏற்கெனவே மனமுடைந்திருப்பவர்களுக்கு ஆபத்தாக முடியும்.

3. வீட்டில் யாரேனும் வாழப் பிடிக்கவில்லை என்பதுபோலப் பேசினால், நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பேச ஒரு வழி கிடைக்கும். தனியே விடாதீர்கள். அரசின் டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104, சென்னையில் 1986 முதல் செயல்படும் சினேகா 044-24640050 ஆகிய எண்களில் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

4. உங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாகப் பெயர் சொல்லப்படாத ஒருவர் இருந்தால், அவருக்காகத் திருப்பலிக் கருத்து கொடுங்கள். யாரும் உங்களை மறுக்கக் கூடாது. கருத்து எழுதும் இடத்தில் என்னைப்போன்ற ஒருவர் மறுத்தால், பங்குத்தந்தையிடம் நேரே செல்லுங்கள்.

அந்தப் பாட்டி 2022-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் பிள்ளைகள் அலமாரியை ஒழித்தபோது, மாதா படத்தின் பின்னால் அதே சீட்டு இருந்தது. அடித்திருந்த பெயருக்குப் பக்கத்தில், நடுங்கும் கையெழுத்தில், அதே பெயர் இன்னொரு முறை எழுதப்பட்டிருந்தது. இந்த முறை அடிக்கப்படவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் தேதி, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளில், நான் இப்போது மூன்று பெயர்களைச் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் எழுதாமல் விட்டிருக்கும் பெயர் எது?